ஹனோவரில் நான் பார்த்த உன் எம்பிஏ

அன்பு மகன் தபோதரனுக்கு,

கெல்சென்கிர்ச்சனில் அப்பாவும் தங்கையும் நானும் சுகமாயிருக்கிறோம். கொழும்பில் நீயும் சுகமாயிருக்கிறாய் என்பதை நீ அனுப்புகிற ஒற்றைக் கட்டைவிரல் படத்திலிருந்து அறிந்து மகிழ்கிறோம். போனில் சொன்னால் பாதியில் லைன் வெட்டுது அம்மா என்பாய், கடிதத்தை வெட்ட ஏலாது என்பதால் எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்த உலகப் புகழ் எம்பிஏ கல்லூரியைப் பார்க்கச் சனிக்கிழமை ஹனோவருக்கு ரயிலேறினேன். அந்தப் புகழ் ஹனோவருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும், பக்கத்துத் தெருவிலேயே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவழியாகத் தேடிப் பிடித்தால் கீழே பல் வைத்தியர், மேலே உடற்பயிற்சி நிலையம், நடுவில் உன் கல்லூரி. பொறுப்பாளர் தலைமைத்துவம் பற்றி விளக்க விளக்க, மேலே யாரோ இரும்பைத் தொப்புத் தொப்பென்று போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்வதேச மாணவர்களுக்கானது என்றார். அதில் பொய்யில்லை, எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், இந்த நாட்டுப் பிள்ளைதான் ஒன்றுகூட இல்லை. போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். அவர்கள் தொப்பியை மேலே எறிந்து சிரிக்கிற படத்தைக் காட்டினார். நல்ல தொப்பி.

வெளியே மதுரைப் பிள்ளை ஒருத்தி, சுபானி என்று பெயர், அங்கே இரண்டாம் வருடம், என் தமிழைக் கேட்டு ஓடி வந்தாள். டிகிரி ஃபேக் எல்லாம் இல்ல ஆன்ட்டி, கவர்மென்ட் அப்ரூவல் இருக்கு, ஆனா இன்டர்வியூல காலேஜ் பேரைச் சொன்னா ஸ்பெல்லிங் கேக்கறாங்க, அடுத்து ஜெர்மன் தெரியுமான்னு கேக்கறாங்க என்றாள். டொச் மொழி படித்துவிட்டு, வேலை அனுபவத்தோடு வந்த ஒருவருக்கு மட்டும் நல்ல வேலை கிடைத்ததாம். இவள் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறாள். வீட்டில் மேனேஜ்மென்ட் டிரெய்னி என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்று என் கையைப் பிடித்தாள். அவளுடைய அம்மாவை நான் எங்கே கண்டேன்!

திரும்பி உள்ளே போனதும் பொறுப்பாளர், உங்கள் மகனுக்கு இடத்தை உறுதி செய்யவா என்றார். அப்பாவிடம் வர உன் தங்கைக்கும் எனக்கும் விசா வந்தபோது உனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது என்று உன்னை மட்டும் விட்டுவிட்டு வந்தவள் நான். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், இந்த ஒக்டோபரில் நீ எங்கள் வீட்டில் நித்திரை கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் முழுவழியும் அழுதேன், கண் ஏன் சிவந்தது என்று கேட்ட அப்பாவிடம் பூந்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். எப்படியாவது அவன் வந்தால் காணுமப்பா என்று அவர் இன்னும் புறுபுறுக்கிறார். நீ பார்சல் பிரிக்கப் பிறந்தவன் இல்லை என்று நான் சொல்லவில்லை, எங்களுக்குப் பொய் சொல்ல வேண்டிய இடத்துக்கு நீ வரக்கூடாது. இப்போதைய வேலையை விடாமல் டொச் படி, பிறகு ஊரறிந்த இடமாகப் பார்ப்போம்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும், அதைக் கேட்கிற காதும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வருகிற ஞாயிறு சுபானியைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். யாரோ ஒரு தாயின் பிள்ளையாவது எங்கள் மேசையில் இருக்கட்டும்.

உன் அம்மா,
சுகன்யாதேவி