உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

அலமாரியின் கீழ்த்தட்டில் குளிர்காலச் சப்பாத்துகளைத் தேடப்போய் உன் கையுறையை வெளியே இழுத்துவிட்டேன். முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. சிக்குப் பிடித்த நல்லெண்ணெய். தோல். பழைய புல்.

பேஸ்போல் கையுறைக்கு எண்ணெய் பூச வேண்டும், அப்போதுதான் தோல் வளையும் என்று நீ சொல்லியிருந்தாய். எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் ஒன்றுதான். தலைக்கும் முழங்காலுக்கும் கிறீச்சிடும் கதவுக்கும் அதுவே. உள்ளும் புறமும் வார்த்துத் தேய்த்து, லண்டனில் கிடைத்த கொஞ்ச வெயிலில் காயவைத்தேன். அடுத்த ஞாயிறு நீ அதை மாட்டினாய். கழற்றினாய். விரல்களைப் பார்த்தாய்.

"கிளவுக்குச் சனி முழுக்கோ, மச்சான்? சீயக்காயும் வச்சனியோ?"

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து படிக்க வந்தபோது நீ கொண்டுவந்த ஒரே கையுறை. கடைசிவரை அதைத்தான் மாட்டினாய். மழை நாட்களில் அது ஈரச் சாக்குப்போலக் கனத்தது.

எங்கள் ஞாயிறு அணியைப் பற்றிச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். கிரிக்கெட்டில் பிறந்த தமிழ்ப் பொடியள், க்ரொய்டனுக்குப் பக்கத்துப் பூங்காவில், பேஸ்போல். நீ கொண்டுவந்து தொற்றவைத்தது. மைதானம் முடியுமிடத்தில் ஒரு செஸ்ட்நட் மரம். பந்தை அதற்கு மேலால் அடித்தவனின் பெயரை ஒரு பழைய மட்டையில் கறுப்பு மார்க்கரால் எழுதுவோம். தோர்ண்டன் ஹீத்தில், ஆட்டம் முடிந்து நாங்கள் சாப்பிடப்போகும் கொத்துரொட்டிக் கடையில், கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கியது. வெகுகாலம் அதில் உன் பெயர் மட்டும்.

பிறகு ஷேக்கர்.

உடம்பு ஏற்றும் மாப்பால் கலக்கும் 'ஷேக்கர்' போத்தல் இல்லாமல் அவன் வருவதில்லை. அதனால் அந்தப் பெயர். இலையுதிர்காலத்தில் ஒரு மெலிந்த பொடியனாகப் போனான். வசந்தத்தில் திரும்பி வந்தபோது கழுத்தைக் காணவில்லை. முதுகெல்லாம் பரு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சீறினான். அந்தக் கோடை முழுவதும் பந்து மரத்துக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. தசைக்கு ஊசி போடுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பார்க்கவில்லை. அவன் பெயரையும் எழுதினோம். அவனுடைய பந்து தூரம் போனது என்பதால், உன் பெயருக்கு மேலே.

அவன் அடிக்கும்போது மற்றவர்கள் விசிலடித்தார்கள். நீ கைதட்டியதில்லை. ஆனால் மரத்துக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பந்தைத் தேடி எடுத்து வந்தவன் எப்போதும் நீதான். பந்து அவ்வளவு தூரம் போனது உண்மைதானே என்பாய். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

டூட்டிங்கில் உன் அறை. சனிக்கிழமை மத்தியானம், மடிக்கணினியில் பழைய அமெரிக்க ஆட்டங்கள். கதவளவு தோள்கள். அடிக்க அடிக்கப் பந்து கூரைக்குப் போகிறது, அரங்கம் எழுந்து நிற்கிறது. அந்த மனிதர்களின் எண்கள் இன்றும் புத்தகங்களில் இருக்கின்றன, ஆனால் ஊக்கமருந்துப் பேச்சால் அவர்களில் பெரியவர்கள் சிலருக்கு 'ஹோல் ஒஃப் ஃபேம்' என்ற புகழ்மாடத்தின் கதவு திறக்கவில்லை என்று நீ விளக்கினாய். எண் உள்ளே. ஆள் வெளியே. இதைவிடக் கேவலமான ஒரு ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். இன்றும் அதையே சொல்வேன். சீட்டு விற்ற முதலாளிகள் அந்தத் தோள்களைப் பார்க்கவில்லையா? துதிபாடிய பத்திரிகைக்காரர்களுக்குக் கண் இல்லையா? திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் இவர்களுக்கு ஒழுக்கம் நினைவுக்கு வந்தது. அடித்தவனின் பெயருக்குப் பக்கத்தில், சந்தேகம் என்று காட்ட, நட்சத்திரக்குறி போட வேண்டும் என்கிறார்கள். அரங்கத்தை நிரப்பிக் காசு பார்த்தவனின் பெயருக்கு யார் போடுவது?

ஆனாலும் ஷேக்கரின் பெயரை நான் விடுவதாக இல்லை. பெரிய முதலாளிகள் எட்டாத தூரம். இந்த மட்டை என் கைக்கு எட்டியது. ஒரு ஞாயிறு அரத்தாள் ஒன்றோடு கடைக்கு வந்தேன். அவன் பெயரைத் தேய்த்து எடுக்கப்போகிறேன் என்றேன். நீ சாப்பாட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"நீ பார்த்தனியோ?"

பார்க்கத் தேவையில்லை, அவன் கழுத்தே சாட்சி என்றேன்.

"சந்தேகத்தை மட்டையிலை எழுத ஏலாது, மச்சான். தெரிஞ்ச கதையைச் சொல்லு. பெயரைச் சுரண்டாதை."

இது கோழைத்தனம் என்று சொன்னேன். கனடாக்காரரின் மரியாதை என்றும் சொன்னேன். நீ சிரித்துவிட்டு என் தட்டிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்துத் தின்றாய். அரத்தாள் என் பையிலேயே கிடந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை நீ எழும்பவில்லை. இதயம் என்றார்கள். ஏன் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஏனுக்காகத்தான் காத்திருந்தார்கள்போலும். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில், வாய் நிறையச் சோற்றோடு, ஒருவன் ஆரம்பித்தான். இந்த வயதில் இதயம் சும்மா நிற்குமோ என்று. மற்றவன் முடித்துவைத்தான்: "அவனும் ஏதும் ஏத்தியிருப்பான். இல்லாட்டி அந்த மரத்துக்கு மேலாலை ஆர் அடிப்பான்?" கனடாவிலிருந்து வந்திருந்த உன் அம்மா சமையலறைக்குள் அழுதுகொண்டிருந்தா. இவர்கள் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

வசந்தத்தில், முதல் ஞாயிறு, மட்டையில் நீல மையில் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று ஷேக்கருக்கு. ஒன்று உனக்கு. யார் போட்டது என்று கேட்டேன். நீ போன பிறகு அணித்தலைவர் ஆகியிருந்த அண்ணை ஒளிக்கவில்லை. அமெரிக்காவிலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். ஒருவரையும் குற்றம் சொல்லவில்லையாம்.

"ரெண்டு பேருக்கும் போட்டிருக்குத் தம்பி. நியாயமா இருக்கட்டும்."

நியாயம். அந்தச் சொல்லை அவர் உச்சரித்த விதம் இன்னும் காதுக்குள் ஊர்கிறது. உயிரோடு இருப்பவனை நேரே பார்த்துக் கேட்கத் துணிவில்லாத ஆட்கள், செத்தவனையும் பக்கத்தில் நிறுத்திக் கணக்கைச் சமப்படுத்துகிறார்கள். நான் என்ன சொல்வது? உன் பெயரைக் காட்டி, அவன் ஊசி எடுக்கவில்லை என்றேன். நீ பார்த்தனியோ என்று அவர் கேட்டார். உன் கேள்வி. அவர் வாயில் அது நாறியது.

மூலை மேசையில் இருந்து ஷேக்கர் எழும்பி வந்தான். இப்போது உடம்பு வற்றியிருந்தது. தோள் தொங்கிப்போயிருந்தது.

"அவன்ரை பெயருக்குப் பக்கத்திலை இருக்கிறதை அழியுங்கோ அண்ணை. அவன் ஊசி அடிக்கேல்லை."

உனக்கெப்படித் தெரியும் என்றார் அவர்.

"நான்தானே ஊசியை நீட்டினனான். வேண்டாம் எண்டிட்டான்."

உள்ளே கொத்துத் தகடுகள் அடித்துக்கொண்டேயிருந்தன. போகத் திரும்பியவன் நின்று, "என்ரை இருக்கட்டும்" என்றான்.

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருந்தது. நீ பார்த்தனியோ என்று என்னைக் கேட்ட அன்றே, பார்த்தவன் நீ. ஊசி உன் முன்னால் நீட்டப்பட்டிருந்தது. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. தெரிஞ்ச கதையைச் சொல்லு என்றாயே, நீ ஏன் சொல்லவில்லை? இதற்காக உன்மீது பல நாள் கோபமாக இருந்தேன். அது அவன் வாயால் வரவேண்டிய கதை என்று நீ விட்டிருக்கலாம். இதுவும் என் ஊகம். மட்டையில் எழுத ஏலாது.

பையிலிருந்து அரத்தாளை எடுத்தேன். கதிரையில் ஏறி உன் நட்சத்திரத்தை மட்டும் தேய்த்தேன். அண்ணை தன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷேக்கரை நான் மன்னிக்கவில்லை. அவன் அடித்தால் இன்றைக்கும் கைதட்ட மாட்டேன். ஆனால் அந்தச் சிறிய கடையில் நான் மதிக்கக்கூடிய வேறொருவரும் அன்று இருக்கவில்லை. அவன் பெயர் மேலே, அவனே வைத்துக்கொண்ட நட்சத்திரத்தோடு. உன் பெயர் கீழே, பக்கத்தில் மை போய் வெளிறிய ஒரு இடம். புதிதாக வரும் பொடியள் கேட்கிறார்கள். ஷேக்கர் இருந்தால் அவனைச் சொல்லவிடுகிறேன். சொல்கிறான், ஒவ்வொரு தடவையும், தரையைப் பார்த்துக்கொண்டு. அவன் இல்லாத நாளில் நான் சொல்கிறேன். ஊசியையும், விசிலடித்தவர்களையும், பாயசம் குடித்தவர்களையும் சேர்த்து.

ஞாயிறுகளில் உன் கையுறையை நான் மாட்டுகிறேன். பந்து மரத்துக்கு மேலால் போனால், யார் அடித்தாலும், தேடி எடுத்து வருகிறேன். திரும்பி வரும்போது கை முழுக்க நல்லெண்ணெய் மணக்கிறது.