மாப்பிள்ளை வரப் பிந்திய மஃரிப்

மாப்பிள்ளையை நேற்றுக் கழற்றி எடுத்துவிட்டேன், மச்சான். பதறாதே. உன் மகளுக்குப் பேசி முடித்திருக்கும் பையன் சுகமாகத்தான் இருக்கிறான். நான் சொல்வது நம் வானொலியின் சேமிப்புப் பெட்டியை. பாட்டு, மௌலவிமாரின் பயான், என் வெட்டிப்பேச்சு எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு மூலையில் முனகிக்கொண்டிருக்குமே, அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவன் நீதானே. மேசையில் கிடத்தித் துடைத்தேன். தூசிக்கு அடியிலிருந்து பழைய இஞ்சியும் பூண்டும் மணத்தது. பெட்டிக்கு மேலே எதையும் வைக்கக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவனும் நீ, நோன்புக் கஞ்சிக் கோப்பையை அதன் தலையிலேயே வைத்து ஆறவிட்டவனும் நீ.

பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். ஒலிபரப்பை நடத்தும் கணினி, நம் சேர்வர், பெண் வீடு. கரண்ட் போய் வந்தால் அது சட்டென்று எழும்பி, வாசலைத் திறந்து, நெட்வேர்க் வழியாகப் பெட்டியைக் கூப்பிடும். வந்தால் தன்னிடமுள்ள ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய் அமர்த்திவிடும். அதைத்தான் நீ மவுண்ட் என்பாய். ஆனால் மாப்பிள்ளையோ ஒவ்வொரு டிஸ்க்காகச் சுழற்றி, தன்னைத்தானே சோதித்து, அத்தர் பூசிக்கொண்டு வருகிற ஆள். அதற்குள் பெண் வீடு கதவைச் சாத்திவிடும். ஃபோல்டர் மட்டும் ஆளில்லாத பந்தலாகக் கிடக்கும்.

என் வைத்தியம் உனக்குத் தெரியும். பிஸ்மி சொல்லி எல்லாவற்றையும் அணைத்துப் போடுவேன். சரிவராவிட்டால் பக்கவாட்டில் ஒரு தட்டு. நீ என் கையைப் பிடித்து இழுப்பாய்.

"சும்மா அணைச்சு அணைச்சுப் போடாதடா. முதல்ல ஆள் எழும்பிட்டானா எண்டு கூப்பிட்டுப் பாரு. பேசினானெண்டா, மறுகா நாம போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவம்."

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன கிழமை உன் மகள் நிலையத்துக்கு வந்தாள். படியேறும்போதே உன் நடை. கதிரையில் இருக்கவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றாள்.

"மாமா, வாப்பாட குரல் ஏதும் இஞ்ச இரிக்கா? கலியாணத்தண்டு காலையில ஒருக்கா கேக்கணும்."

உன் ஃபோன் கடலில் விழுந்த கதை எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் கலியாண வீடியோக்களிலும் நீ கமராவுக்கு முதுகைக் காட்டி வயர் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறாய். "தேடிப் பாக்கிறன் புள்ள" என்றேன். தேடினேன். இந்த ஊரில் யார் எப்படி இருமுவார் என்பதுகூட நம் பெட்டியில் உண்டு. கீழே இரும்புக்கடை ஹாஜியார் மருமகளோடு கோபித்துக்கொண்டு வந்து, மைக் திறந்திருப்பது தெரியாமல் கொட்டித் தீர்த்ததும் உண்டு. என் உளறல் மலைபோல உண்டு. உன் குரல் மட்டும் ஒரு துளி இல்லை. மைக்கைக் கண்டால் ஊசியைக் கண்ட பிள்ளை மாதிரி ஓடுகிறவனிடம் எதைப் பதிந்திருக்க முடியும்?

ஒரே ஒரு நாள் நீ ஓட முடியாமல் போனது. அந்த நாளின் பதிவு மட்டும் பெட்டியில் இல்லை.

நினைவிருக்கிறதா? நோன்பு மாதத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி நாம் பண்பலை நடத்திய காலம். கல்முனைக்குடிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி போதும். இறக்காமத்து வயல்களில் யானைக்குக் காவல் இருப்பவர்களுக்கு நோன்பு திறக்க நம் வானொலிப் பாங்குதான். காவல் பரணில் ரேடியோவைத் திருகிவிட்டு, கையில் பேரீச்சம்பழத்தோடு காத்திருப்பார்கள். அன்று அஸர் தொழுதுவிட்டு வரும்போது கரண்ட் போனது. வந்தபோது பொழுது சாயும் மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தான். சேர்வர் எழும்பிவிட்டது, மாப்பிள்ளை இன்னும் அத்தர் பூசிக்கொண்டிருந்தார். பாங்கின் ஒலிப்பதிவு அவருடைய வயிற்றில். ஃபோனில் தேடிப் போடலாமென்றால் டவரும் படுத்திருந்தது. பள்ளிப் பாங்கையாவது பிடிக்கலாமென்று ஜன்னலுக்கு வெளியே மைக்கை நீட்டினேன். ஓட்டோக்களின் ஹோர்ன்தான் கிடைத்தது.

"நீ சொல்லன்டா பாங்க" என்றாய், மேசைக்கடியில் வயர்களுக்குள் கிடந்தபடி.

"நான் சொன்னா சனம் பகிடி எண்டு நினைச்சு நோன்பு திறக்காம இரிக்கும் மச்சான். ஒண்ட குரல ஆருக்கும் தெரியா. ஒழும்பு!"

"எனக்கு ஏலா. என்ட தொண்டை தகரப் பேணிடா."

"பேணியெண்டாலும் பரவாயில்ல. வயலுக்க சனம் பசியோட இரிக்கி!"

பசி என்ற சொல்தான் உன்னை எழுப்பியது. தலையில் ஒட்டடையோடு வந்து நின்றாய். காதில் கையை வைத்தாய். அவ்வளவு மோசமான குரலில் அவ்வளவு பயபக்தியான பாங்கை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தொழுகைக்கு அழைக்கும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. நீ நிறுத்தவில்லை. முடித்துவிட்டுப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தாய். பதில் வந்தது. கையால் ஒரு கட்டளை அடித்து மவுண்ட் பண்ணிவிட்டுத்தான் கஞ்சியைத் தொட்டாய்.

அடுத்த நாள் இறக்காமத்திலிருந்து ஒருவர் ஃபோன் எடுத்தார். "நேத்துப் பாங்கு சொன்னது ஆரு தம்பி? எங்கட வரம்பில நிண்ட ஆனை ஒரு எட்டுப் பின்னுக்கு வெச்சிட்டு." நீ ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமையில்தான் சேர்வருக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தாய். பெட்டி பேசும்வரை அது திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். பெட்டி வந்து அமர்ந்த பிறகுதான் மற்றப் புரோகிராம்கள் எழும்ப வேண்டும். "மாப்பிள்ளை வராம ஆருக்கும் சோத்துச் சஹன் வைக்கப்படா" என்றாய். அதன்பிறகு கரண்ட் எத்தனை தடவை போய் வந்தும் பாங்கு தவறவில்லை. நீ கண்ணை மூடிய பிறகும்.

நேற்றைக்கு வருகிறேன். பெட்டி முதுமையில் ஓய்ந்துவிட்டது, புதியது வந்திருக்கிறது. பழையதைக் கழற்றியதும் அந்த ஃபோல்டர் வெறுமையாகக் கிடக்க வேண்டும். அப்படியே புதியதை இணைக்கக் கையை வைத்தபோது உன் குரல் காதுக்குள் வந்தது. "பாய விரிக்க முந்தித் தரையப் பாருடா." பார்த்தேன். தரையில் ஒரே ஒரு ஒலிக்கோப்பு கிடந்தது. அந்த நாளின் தேதி.

உனக்கு நான் விளக்குவதா! ஒலிபரப்பாவதையெல்லாம் தானாகப் பதியும் புரோகிராமுக்கு அன்று மாப்பிள்ளை வராதது தெரியாது. ஃபோல்டரைக் கண்டது, சேர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதிவிட்டது. பிறகு நீ அவசரத்தில் தரையைப் பார்க்காமல் அதற்கு மேலேயே பெட்டியை அமர்த்திவிட்டாய். அழியவில்லை, மூடப்பட்டது. இத்தனை காலமும் அதன்மேல் ஏறியிருந்துதான் நான் உளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. லெப்டொப்பில் ஏற்றி உன் வீட்டுக்கே கொண்டுபோனேன். உன் மனைவி, மச்சி, கதவோரம் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றார். மகள் ஹெட்ஃபோன் வேண்டாம், எல்லோரும் கேட்கட்டும் என்றாள். பாங்கு வந்தது. குரல் பிளந்த இடத்தில் மச்சி சிரித்துவிட்டார், சிரித்தபடியே அழுதார். பாங்கு முடிந்தது. நான் நிறுத்தப் போனேன். மகள் என் கையைத் தடுத்தாள். மைக்கை நாம் மூடவில்லை, மச்சான்! கதிரை இழுபடும் சத்தம், பிறகு உன் மூச்சு.

"ஈச்சம்பழத்த இஞ்சால எறிடா." கொஞ்சம் மென்ற பிறகு, "புள்ள இண்டைக்குத்தான் முதல் நோன்பு. ரேடியோவக் கட்டிப் புடிச்சிட்டு இரிந்தாள். இந்தத் தகரப் பேணியக் கேட்டுத் திறந்திரிப்பாளோ, இல்ல பயந்து அழுதாளோ?"

பின்னணியில் என் சிரிப்பு. அதோடு பதிவு நிற்கிறது.

உன் மகள் அந்த லெப்டொப்பைப் பார்த்து, நீ பக்கத்து அறையில் நிற்பதுபோலச் சொன்னாள்:

"ஓம் வாப்பா. திறந்தன்."

பிரதி ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். இன்று காலை புதுப் பெட்டியை இணைத்தேன். நீ எழுதிவைத்த காத்திருக்கும் கட்டளையில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பழைய கோப்பையும் எடுக்கவில்லை, கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று பாயை மேலே விரித்துவிட்டேன். பிறகு சோதித்துப் பார்க்க வேண்டுமென்று கரண்டை அணைத்துப் போட்டேன். சேர்வர் எழும்பியது. கூப்பிட்டது. புது மாப்பிள்ளையும் பிந்தித்தான் வந்தார். அதுவரைக்கும் நான் ஒன்றையும் தட்டவில்லை, மச்சான். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.