என் வாசலிலிருந்து அவள் கட்டில் வரை

ரைட்டரண்ணா,

பெங்களூர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பம்பாய்க்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர், "ஏறினா இறங்கிடலாம்" என்றார். உங்கள் காதில் விழுந்திருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு நாளும் விமானம் ஏறாதவர் நீங்கள். மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான உங்களுக்கு, முதலாளிக்கு டிக்கெட் எடுப்பதும் பொறுப்பு. நான் அதே ஆபீசில் டைப்பிஸ்ட். விமான அட்டவணையை மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்ப்பீர்கள். "பறக்கிற நேரத்த மட்டுந்தான் போடறாங்க அம்மிணி. நம்ம ஊட்டுக் கதவச் சாத்துனதுல இருந்து அவங்க கதவத் தட்டற வரைக்கும் இல்லீங்களா கணக்கு?" என்பீர்கள். நாங்கள் சிரிப்போம்.

எண்பதுகளில் ஒரு மத்தியானம் எனக்குத் தந்தி வந்தது. பம்பாயில் என் தங்கை. பிரசவமாகி ஒன்பதாம் நாள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஆபரேஷன், உடனே வா. ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய் விமானம் பிடி என்று ஆபீசே கூடிச் சொன்னது. நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள்.

"மெட்ராஸ்ல ரயில் நிக்கறதுக்குள்ள காலைப் பிளேன் போயிருமுங்க. அடுத்தது சாயங்காலந்தான். பெங்களூர் போங்க. இப்பவே மலை எறங்கோணும்."

டிரங்க் கால் போட்டு, யார் யாரிடமோ கெஞ்சி ஒரு சீட் வாங்கினீர்கள். ஜீப்பில் சேலம் வரை கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டீர்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தீர்கள். பஸ், தங்குமிடம், விமானம், டாக்சி, எல்லாம் மணிவாரியாக. கடைசி வரி: பதினொரு மணி, தங்கச்சி கட்டில்.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு. அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. தலை வாரிவிடச் சொன்னாள், வாரினேன். "பாப்பாவ நீ வச்சுக்கக்கா" என்றாள். ஆபரேஷன் அறையிலிருந்து அவள் உயிரோடு திரும்பவில்லை.

அவள் புருஷன் சம்மதத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தேன். எல்லாரும் அழுதார்கள். நீங்களோ, "ஏர்போர்ட்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தன நேரமாச்சுங்க?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு மணி நேரம் என்றேன்.

"ஒரு மணின்னு தப்பாப் போட்டுட்டனே சாமி! சரியாப் போட்டிருந்தா முந்தின பிளேனுக்குக் கெஞ்சியிருப்பனுங்களே. இன்னுங் கொஞ்ச நேரம் தங்கச்சியோட இருந்திருப்பீங்களே!" மேசையில் தலை கவிழ்ந்து அழுதீர்கள். கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. அப்புறம் சொல்லலாம் என்றே வருடங்களை ஓட்டிவிட்டேன். நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போதாவது சொல்கிறேன் அண்ணா. மெட்ராஸ் போயிருந்தால் எனக்கு அந்த ஒரு மணி நேரமும் இல்லை. இன்று என்னை அம்மா என்று கூப்பிடுகிறவளை யாரும் பரிதாபப்பட்டு என் மடியில் போடவில்லை. பெற்றவள் தன் வாயால் கொடுத்தாள். கொடுத்தபோது வாங்கிக்கொள்ள நான் அங்கே இருந்தேன்.