அமுதாவின் சூளைக்கு நான் போட்ட கணக்கு

என் அருமை அமுதா,

உன் மகள் கவினி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். உன்னைப் போலவே சாப்பிடும்போது பேசிக்கொண்டே இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தாள்.

கல்லூரியில் கொடுத்த கணக்கு ஒன்றைக் காட்டினாள்: சூடான பொருள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆறும் என்ற சமன்பாடு. அதைக் கம்ப்யூட்டரில் படிப்படியாகப் போட வேண்டும். இந்த நிமிடம் சூடு எந்த வேகத்தில் இறங்குகிறதோ, அதே வேகத்தில் அடுத்த படி வரை இறங்கும் என்று வைத்துக்கொண்டு போவது. படியை ஒரு மணி நேரமாக வைத்தால் ஒரு விடை, ஐந்து நிமிடமாக வைத்தால் இன்னொன்று. "எது சித்தி சரி?" என்று கேட்டாள். நான் சட்டென்று லேப்டாப்பை மூடிவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கும், ஏனென்று. பீங்கான் சாமான் சுடச் செராமிக் எஸ்டேட்டில் சிநேகிதிகள் நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த சூளையை எப்போது திறக்கலாம் என்ற கணக்கை நான் அப்படித்தான் போட்டேன். பதிவேட்டில் மணிக்கொரு தரம் எழுதுகிறோமே, படியும் ஒரு மணி நேரமாகவே இருக்கட்டும் என்று வைத்தேன். சூடு முதலில் வேகமாக இறங்கும், போகப் போக மந்தமாகும். நானோ முதல் வேகத்தையே மணி முழுக்க ஓட்டினேன். கணக்கில் சரக்கு ஆறிவிட்டது. சூளைக்குள் ஆறவில்லை.

இதெல்லாம் நான் படித்ததுதான். படித்தவள் என்ற திமிர்தான் என்னைத் திரும்பிப் பார்க்க விடவில்லை.

அன்று நீ கதவுத் துளையில் செய்தித்தாள் துண்டைச் செருகி எடுத்துக் காட்டினாய். சூட்டில் ஓரம் பழுப்பேறியிருந்தது. "இன்னும் சூடு இருக்குதுடி, நீ சொல்ற மூணு மணிக்கு மேல ரெண்டு மணி நேரம் போவட்டும்" என்றாய். உன் தாளும் சுவரில் இருக்கும் வெப்பமானியும் சுவர்ச் சூட்டைத்தான் காட்டும், நடு அடுக்கின் சூட்டைக் கணக்குதான் சொல்லும் என்று நான் உனக்கே பாடம் எடுத்தேன். மூன்று மணிக்கே திற என்று சொல்லிவிட்டு, மங்கலம்பேட்டைக் கடைக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது, மின்சாரப் பெட்டிக்காக நாம் சுட்ட பீங்கான் பியூஸ் கேரியர் முழுக்க, சூட்டோடு வெளிக்காற்று பட்டுக் கீறல். சமன்பாட்டைச் சரிபார்த்தேன், தப்பில்லை. படியின் அளவைப் பார்க்கவே இல்லை. சரக்கு அடுக்கும் பெண்கள் நால்வர் முன்னால் நீ அவசரப்பட்டு முன்னாடியே திறந்துவிட்டாய் என்றேன். நீ கத்தவில்லை. "நீ சொன்ன நேரத்துக்குத்தான் தொறந்தேன். ஒன் கணக்க ஒருதரம் திரும்பிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய்.

ஒருதரம் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? லேப்டாப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நான் சொன்ன பழி எஸ்டேட் முழுக்கப் பரவி, வேறு சூளைக்காரர்களும் உன்னைச் சேர்க்கவில்லை. நீயே வந்து பேசுவாய் என்று வீம்பாக இருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, நான்கே நாளில் நீ போய்விட்டாய். உன் முகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

கவினி போன பிறகு பழைய கணக்கை எடுத்து ஐந்து நிமிடப் படியில் ஓட்டினேன். ஐந்து மணிக்குத்தான் திறந்திருக்க வேண்டும். நீ கேட்ட அதே ரெண்டு மணி நேரம், அமுதா.

மறுநாளே போய்க் கவினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அவசரக்காரி என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "இத அம்மாகிட்ட சொன்னீங்களா சித்தி?" என்று கேட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். தப்பு என்னுடையது, அமுதா. வருகிற ஞாயிறு அந்த நான்கு பெண்களையும் கூப்பிட்டிருக்கிறேன். உன்மேல் பழி போட்ட அதே இடத்தில் நின்று, கவினியின் காது கேட்க, இதையே வாய்விட்டுச் சொல்வேன்.

உன் மகளுக்குச் சித்தியாக மிஞ்சியிருக்கும்,
பூங்கோதை