ஊசிக்குப் பயந்த தையல்காரியின் சீட்டில் உள்ள ஒரு வரி பற்றி

சிட்டு, மனு என்றால் அனுப்புநர்தான் முதலில் என்பாய். இதோ எழுதுகிறேன்.

அனுப்புநர்:
சிட்டுவின் அம்மா,
தையல் கடை, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: 'யாராலும் நுழைய முடியவில்லை' என்ற பலகையை எடுக்கவும், என் சீட்டில் ஒரு வரியை அழிக்காமல் விடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள். மேலே முதல் வரி என் மகளுக்கு எழுதியது. அதை அடித்துவிட மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

2. நோயாளிகளின் சீட்டுகளைக் கணினியில் ஏற்றியபின், முன்கூடத்தில் ஒரு கணினியை வைத்து, முடிந்தால் உள்ளே நுழைந்து பாருங்கள் என்று ஊருக்கே ஏழு நாள் சவால் விட்டீர்கள். செல்போன் பழுது பார்க்கும் என் மகள் நான்காம் நாள் நுழைந்துவிட்டாள். அந்தக் கணினி வழியாக அல்ல. டோக்கன் எடுக்கும் இணையப் பக்கம் வழியாக, தன் போனிலிருந்து. "திருடன் என்னிக்கும்மா நாம காட்டுற கதவு வழியா வந்திருக்கான்?" என்றாள்.

3. அடுத்தவர் சீட்டைத் தொடக்கூடாது என்று, அத்தாட்சிக்கு என் சீட்டில் மட்டும் ஏதோ எழுதினாள். என்னவென்று கேட்டதற்குச் சிரித்தாள். நுழைந்த வழியை உங்கள் அலுவலகத்துக்கும் எழுதினாள். முன்கூடத்துக் கணினி மட்டுமே போட்டியில் சேரும் என்று பதில் வந்தது. எட்டாம் நாள் பலகை ஏறிவிட்டது.

4. அடுத்த மாதமே காய்ச்சலில் உங்கள் மருத்துவமனையில் சேர்ந்தாள். மூன்று நாள்தான், போய்விட்டாள். ஊசி போடும்போதெல்லாம் கையை நீட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரையும் குறை சொல்லவில்லை ஐயா.

5. போன திங்களன்று சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க முதல் தடவையாகத் தனியே வந்தேன். நர்ஸம்மா திரையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதும் வாசித்தார்: 'நாளெல்லாம் ஊசியோடு இருப்பவர். ஆனாலும் ஊசி என்றால் பயம். நான் வராத நாளில் கையைப் பிடித்துக்கொள்ளவும்.' சவாலின் நான்காம் நாள் தேதியும் இருந்தது. பதிவறைக்காரர், "இது டாக்டர் எழுதினது இல்லம்மா, அழிச்சிடணும்" என்கிறார்.

6. நுழைந்தது என் மகள் கை. அதனால் இப்படி எழுதியது. வேறு கை நுழைந்தால் மருந்தையே மாற்றி எழுதிவிடும் ஐயா. அந்த வழியை அடைத்துவிடுங்கள், பலகையை இறக்குங்கள். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

இடம்: தையல் கடை
நாள்: பதினான்காம் தேதி, வியாழன்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிட்டுவின் அம்மா

சிட்டு, என் பயத்தை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிகிற மாதிரி எழுதி வைத்தாயே, உனக்கு எது பயம் என்று என்னிடம் ஏண்டி சொல்லவே இல்லை?