தகவல் சேகர் விசாரித்துச் சொன்னது

ஜூன் 3, 1996. திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜெராக்ஸ் மெஷின் மக்கர். ஒருவழியாக நம் தமிழ் ஜனங்களுக்கான வாரத் தாள் எண்பது பிரதி. இந்த வாரம்: ரேஷன் கார்டு விண்ணப்பம், பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டர் வரும் நாள், ஐ.டி.ஐ. கடைசித் தேதி. அடியில் கொட்டை எழுத்தில் 'தகவல் சேகர்'.

மார்க்கெட்டில் பூக்காரம்மா, "ஏய் தகவலு, இந்த வாரம் என்னப்பா?" சேகர் என்று யாரும் கூப்பிடுவதே இல்லை இப்போது. சந்தோஷம்தான். இன்னும் கொஞ்சம் பெயர் வரட்டும், கவிதா வீட்டில் தைரியமாகப் பெண் கேட்கலாம்.

எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும். ஆபீஸ்களின் கன்னட நோட்டீஸ்களைப் படித்துச் சொல்வது கவிதா. இன்று மூன்று படித்தாள். போகும்போது, "பேரை மட்டும் நல்லா பெருசா போட்டுக்கோங்க." கிண்டல்.

ஜூன் 5. புதன்

வெயில். டோனர் வாங்க வேண்டும்.

கவிதாவின் அப்பா கடைக்கு வந்தார். கட்டட மேஸ்திரி, கௌதள்ளி கிராமத்துக்காரர். என்னிடம் நின்று பேசியதே இல்லை.

"தம்பி, புள்ளைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒரு எடம் வந்திருக்குதுங்க. பையன் லேத் பட்டறை வெச்சிருக்கான். நீங்க விசாரிச்சுச் சொன்னா அப்பீலே இல்லீங்க. கவிதாவும் உங்களையே கேக்கச் சொல்லுச்சு."

"ஆகட்டுங்க" என்றேன். மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 9. ஞாயிறு

ஸ்ரீரங்கப்பட்டணம். பஸ்ஸில் நின்றபடியே. விசாரித்தது:

பட்டறை: சொந்தம்.
குடி: இல்லை. டீக்கடை, சலூன் இரண்டிலும் கேட்டாயிற்று.
அம்மா: சாது.
குறை: பேச்சு கம்மி. அவ்வளவுதான். பாவி!

சலூன்காரர் 'ஒள்ளே ஹுடுகா' என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல பையன் என்று ஒரு தடவை சொன்னால் போதாதா?

குடிக்கிறான் என்று ஒரு வார்த்தை போதும், மேஸ்திரி விட்டுவிடுவார். திரும்பி வரும்போது மனசுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன்.

ஜூன் 10. திங்கள்

உள்ளதைச் சொன்னேன். மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேரு பேருதானுங்க தம்பி." இந்த வாரத் தாள் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று எல்லாரிடமும் பொய்.

ஜூன் 13. வியாழன்

மழை. கவிதா வந்தாள், கையில் நோட்டீஸ் எதுவும் இல்லாமல்.

"நல்லா விசாரிச்சீங்களாம். அவங்கம்மா சாதுங்கிற வரைக்கும்."

"உள்ளதைத்தானே..."

"அப்பாவை ஏன் உங்ககிட்ட அனுப்பினேன்? அப்பவாவது வாயைத் தெறப்பீங்கன்னுதான். ஊருக்கெல்லாம் சொல்றீங்க, நம்ம விஷயம் ஒண்ணு சொல்ல முடியலையா?"

இப்போதே வந்து சொல்கிறேன் என்றேன்.

"நேத்து பூ வெச்சாச்சு."

குடையை மறந்து நனைந்துகொண்டே போனாள். குடை இன்னும் கடையில்.

ஆகஸ்ட் 19. திங்கள்

வெயில். மெஷின் ஒழுங்காக ஓடுகிறது.

கௌதள்ளி சொந்தக்காரர்கள் கவிதா கல்யாணத்துக்கு வர வழி எழுதித் தாள் போடச் சொல்லி மேஸ்திரி கேட்டார். நூற்றைம்பது பிரதி. பத்திரிகை கன்னடத்தில். மண்டப விலாசத்தைப் பூக்காரம்மாவின் மகள் படித்துச் சொன்னாள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எத்தனை நிமிட நடை, எல்லாம் எழுதியாயிற்று. அடியில் மட்டும் பெயர் போடவில்லை.

மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பேரு இல்லீங்களே தம்பி? பேரு இருந்தாத்தான் நம்பி வருவாங்க."

பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்றைம்பது தடவை. இன்னும் அறுபது பாக்கி.