மயக்கம் வேறு, சுற்றல் வேறு

மார்ச் 4

தம்பிக்கு,

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டி, சாவியை உன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டாய். நீ செய்தது அநியாயம். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அன்றைக்கு ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அறை சுழன்றது. மேசையைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், விழவில்லை. லீவில் வந்திருந்த நீ பதறி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாய். டாக்டர் என்னைத்தான் கேட்டார். நீ முந்திக்கொண்டு, "அக்காவுக்கு மயக்கம் டாக்டர்" என்றாய். நினைவு தப்பியது என்று அவர் எழுதிக்கொண்டார். "தலைவலி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "வயசாச்சு, கரண்ட் வேலை போதும்" என்று முடித்துவிட்டார். நீயும் மண்டையை மண்டையை ஆட்டினாய்.

யாரிடமும் படிக்காமல் மோட்டார் சுற்றக் கற்றுக்கொண்டவள், தலை சுற்றினால் கடையை மூட வேண்டுமாம். நல்ல வேடிக்கை. நினைவு தப்பியிருந்தால், மேசையைப் பிடித்து உட்கார்ந்தது எனக்கு எப்படித் தெரியும்?

சாவியை அனுப்பு. போனில் பேசமாட்டேன், நீ குறுக்கே பேசுவாய்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. மயக்கமும் சுற்றலும் ஒன்றுதானே? நம் வீட்டில் எதற்கும் "மயக்கமா வருது" என்றுதானே சொல்வோம்! நீ ஓடுகிற மோட்டார்மேல் விழுந்தால் நான் என்ன செய்வேன்? கூடப்பிறந்தவர் என்று எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கடையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

இங்கேயும் நிம்மதி இல்லை. பரீட்சை நேரத்தில் மகளுக்குத் தலைவலி. ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்திருக்கிறாள். வாந்தி வேறு. தட்டை வைத்தால்கூட "அப்பா, சத்தம்!" என்று அழுகிறாள். கட்டில் ஆடுகிறதாம். படிக்கப் பயந்து நடிக்கிறாள் என்கிறாள் அவள் அம்மா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சாவி பத்திரமாக இருக்கிறது. கோபிக்காதே.

அன்புடன்,
தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

தட்டுச் சத்தம் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வயதில் நானும் அப்படித்தான் கிடந்தேன். வேலைக்கள்ளி என்றார்கள். நீ என்னைப்போல் முனகிக் காட்டிச் சிரித்தாய்.

நரம்பு டாக்டரிடம் போனேன். தனியாக, பஸ்ஸில். "மயக்கம்னா எதைம்மா சொல்றீங்க? நினைவு போச்சா, இல்ல சுத்துச்சா?" என்றார் அந்த அம்மா.

"சுத்துச்சு."

"தலைவலி?"

"இல்ல."

"இப்ப இல்லையா, எப்பவுமே இருந்ததில்லையா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. மாதவிலக்கு நிற்கிறவரை மண்டையைப் பிளந்தது, நின்றதும் வலி போனது, பிறகுதான் சுற்றல் வந்தது என்று சொன்னேன். காது, இதயம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார். பழைய ஒற்றைத் தலைவலிதானாம், போகவில்லையாம். சிலருக்கு வயதாக ஆக வலி குறைந்து சுற்றல் மட்டும் வருமாம். வலி இல்லாததால் முதுமை என்று தள்ளிவிடுகிறார்களாம்.

"தலைவலி இல்லாத தலைவலியா?" என்றேன். சிரித்துவிட்டார்.

கடையைப் பற்றியும் கேட்டேன். "சுத்தும்போது ஓடுற மோட்டார்கிட்ட போகாதீங்க, ஏணி ஏறாதீங்க. மத்தபடி எதுக்கு மூடணும்?" என்றார்.

நேற்றே பூட்டை அறுத்துவிட்டேன். சாவியை நீயே வைத்துக்கொள். மாடி அறைக்கு வரமாட்டேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நான் மாத்திரையை வேளைக்குப் போடுவேன், நேரத்துக்குத் தூங்குவேன், சுற்றினால் கடையில் பாய் விரித்துப் படுப்பேன். உன் பெண்டாட்டி இனி "நடிப்பு" என்ற சொல்லை அந்தப் பெண்ணிடம் எடுக்கக்கூடாது. ஜன்னல் போர்வையை யாரும் அவிழ்க்கக்கூடாது. நீ இந்த வாரமே அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போ. கூட்டிப்போய் வெளியே பெஞ்சில் உட்கார். எங்கே வலிக்கிறது, எது ஆடுகிறது என்று அவளே அவள் வாயால் சொல்லட்டும்.

உன் அக்கா